பிஸ்கட் டின்னில் ஒரு சமையலறை

இன்று காலை அலமாரியிலிருந்து உன் பிஸ்கட் டின்னை இறக்கி மின்சாரம் கொடுத்தேன். சூடேறியதும் அதே வாசனை: காய்ந்த தூசியும் கருகிய ஈயப்பற்று ரெசினும். என் வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் கிட்டப் போய் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன, ஓல்டு மேன். வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று கூப்பிட ஆரம்பித்தபோது நம் இருவருக்கும் தலை முழுக்கக் கறுப்பு.

இந்த டின்னை யாராவது பார்த்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். புத்தூரில் கல்யாணத்துக்கும் ஜாத்திரைக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்த நீ, உடைந்த ஆம்ப்ளிஃபயர் சாமான்களை வைத்துச் செய்த ஸ்பீச் பிராசஸர் அது. மைக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவில் உட்கார்ந்து, சத்தமான பேச்சை அமுக்கும், மெல்லிய பேச்சைத் தூக்கும். உன் கீச்சுக்குரல்கூடக் கடல் தாண்டிக் கணீரென்று போகும். ஒரே ஒரு கோளாறு. நீ மூச்சு வாங்க நிறுத்தினால், தூக்குவதற்குப் பேச்சு கிடைக்காமல் உன் சமையலறையைத் தூக்கும். குக்கர் விசில், பாத்திரம் கழுவும் சத்தம், ‘இந்த மனுசனக் கட்டிக்கினு’ என்று உன் வீட்டம்மா தொடங்கும் வாக்கியம், எல்லாமே வானலையில். தினமும் காலையில் நாம் கூடும் அலைவரிசையில் நெல்லூர்க்காரர் உனக்கு “மாடுலேஷன் பாக உந்தி”, குரல் நன்றாக வருகிறது என்று ரிப்போர்ட் கொடுப்பார். கூடவே, குழம்புக்குப் புளி போதவில்லை என்று உன் வீட்டில் பேச்சு அடிபடுவதையும் தெரிவிப்பார். திருச்சானூர் லாட்ஜில் வேலை பார்த்த நான், மொட்டைமாடியில் என் ஆண்டெனா கம்பியில் பக்தர்கள் காயப்போட்ட வேட்டிகளை எடுத்துவிட்டு வந்து இதைக் கேட்டுச் சிரிப்பேன்.

சிரிக்க முடியாத விஷயம் உன் மகள். உன்னைப் பார்த்து, ரேடியோவில் பேசுவதற்கான லைசென்ஸ் வாங்கியவள், அதே அலைவரிசையில் ஒரு பையனோடு பேசிப் பழகி, அவனையே கட்டிக்கொண்டு மஸ்கட் போய்விட்டாள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. போனதில் உன் வீட்டம்மாவுக்குக் கோபமில்லை, ரேடியோவில் மாப்பிள்ளை பிடித்ததில்தான். “அவ பேர என் காதுல போடாத” என்று சொல்லிவிட்டாள். மகள் ஃபோன் செய்தாலும் எடுக்கமாட்டாள். ஞாயிறு சாயங்காலம் நீ மகளோடு ரேடியோவில் பேசும்போது, அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடப் பலமாக விழும்.

அப்போதுதான் உன் மருமகன் புது ரேடியோ செட் ஒன்றை அனுப்பிவைத்தான். உள்ளே ஒரு சிப். குரலை எண்ணாக மாற்றி, அலசிப் பிழிந்து அனுப்பும். நீ பேசாத நேரத்தில் வேறு சத்தம் நுழையாமல் கதவைச் சாத்திவிடும். நான் சிப்புக்குக் கட்சி கட்டினேன், நீ டின்னுக்கு. “உன் சிப்புல பேசினா ஆஸ்பத்திரில பேசற மாதிரி இருக்குதுபா” என்று முறைத்துக்கொண்டிருந்தாய். நெல்லூர்க்காரர் ஒருநாள் புது செட்டில் உன்னைக் கேட்டுவிட்டு, ரேடியோ நிலையம் மாதிரி இருக்கிறது என்றாரே, அவ்வளவுதான், குப்புறக் கவிழ்ந்தாய். டின் பெஞ்சுக்கு அடியில் போனது.

முதல் ஞாயிறு நானும் உன் பக்கத்தில் இருந்தேன். மகள் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. நீ பேசி முடித்தாய். பிறகு, “நைனா, அம்மா ஊட்ல இல்லியா?” என்றாள். நாம் புது செட்டின் சுத்தத்தைப் பற்றி அவளுக்கு விளக்கம் சொன்னோம். அடுத்தடுத்த வாரங்களில் அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே போனது. வானலை சரியில்லை, அதைக் கலைக்கும் சூரியன் சரியில்லை என்று நாம் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். பெரிய அறிவாளிகள்.

பிறகொரு ஞாயிறு, உன் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ரேடியோ அறைக்குள் அவள் கால் வைத்து நான் பார்த்ததேயில்லை.

“ண்ணா, அந்தத் தகர டப்பா இன்னா ஆச்சு?”

அது பழசும்மா, இதில் வேறு சத்தமே போகாது என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

“நான் பேசறது போவலன்னா, இத்தினி நாளா நான் யாருக்குப் பேசிக்கினு இருக்கேன்?”

நீ வாயைப் பிளந்தாய். நானும்தான். நெல்லூர்க்காரரின் புளி ரிப்போர்ட்டை உன் ஸ்பீக்கரில் கேட்ட நாளிலிருந்தே, தன் பேச்சும் வானலையில் போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஈரத்தலையோடு படுத்தால் சளி பிடிக்கும், முந்திரி போட்டால்தான் சில பிள்ளைகள் உப்புமா துன்னும் என்று ஞாயிறுதோறும் அவள் அடுப்போடு பேசியதையெல்லாம் நாம் புலம்பல் என்று நினைத்திருந்தோம்.

அப்படியே தரையில் உட்கார்ந்து டின்னை இழுத்து மாட்டினாய். மகளைக் கூப்பிட்டாய். ரெண்டு வார்த்தை சொன்னாய். பிறகு மைக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டாய். உன்னை நான் அறிந்த காலத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அடுப்படியிலிருந்து குரல் வந்தது, யாரையும் பார்க்காமல்:

“மொதப் புள்ள. அங்க தனியா இன்னா செய்வா? ஏழாம் மாசம் இங்க இட்டாந்து வுடச் சொல்லு.”

நீ பட்டனை விட்டாய். பிறகு நம் ஆட்கள் தெளிவான குரலுக்குக் கொடுக்கும் முழு மார்க்கைக் கொடுத்தாள் உன் மகள்.

“ரோஜர், அம்மா. ஃபைவ் நைன்.”

அடுப்படியில் ஒரு பாத்திரமும் விழவில்லை. நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் அவசரமாகச் சொன்னாய்: “அவ லைசென்ஸ் இல்லாம ரேடியோல பேசலபா. அடுப்புகிட்டதான் பேசினா.”

இப்போது என்னுடையதும் சிப் வைத்த செட்தான். நல்ல சிப், குறை சொல்லமாட்டேன். கதவைச் சாத்தும் அந்த வசதியை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் என் மகன் ஃபோனில் பேசும்போதும் நடுவில் சும்மா நிறுத்திவிடுகிறேன். லைனில் இருக்கிறீர்களா நைனா என்று கேட்கிறான். இருக்கிறேன்டா, உங்கம்மா என்னைத் திட்டுவது கேட்கிறதா என்கிறேன். நல்லா கேட்குது, கொஞ்ச நேரம் அப்படியே இருங்க என்கிறான்.