பள்ளிக்கூடச் சுவரில் ஆட்டுமயிர்

ஓடைமேட்டூர், ஆம்பூர் வழி
1931 டிசம்பர் 5

தங்கவயலில் இருக்கும் அமிர்தவள்ளியின் அப்பாவுக்கு மீனாம்பாள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் அமிர்தமும் சுகம். எருமை சினையாக இருக்கிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறதென்று போன கடிதத்திலும் கேட்டேன், அதற்கு முந்தின கடிதத்திலும் கேட்டேன். சுரங்கத்து டாக்டரிடம் காட்டினீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதினால் கை தேய்ந்துவிடாது.

உங்கள் அண்ணன், மூத்தார், உங்களுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். உன் பெண்டாட்டி சபையில் உன் பெயரைச் சொன்னாள், கெட்ட வார்த்தை பேசினாள், குடும்ப மானத்தைக் காற்றில் பறக்கவிட்டாள் என்று எழுதியிருப்பார். முதல் இரண்டும் நிஜம். மூன்றாவதை, முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெண் குழந்தைகளுக்கென்று பஞ்சாயத்து போர்டு கட்டிய பள்ளிக்கூடத்தைச் சித்திரையில் திறந்தார்கள் அல்லவா? அதற்காக மூன்று வருஷமாக வீட்டு வரியோடு பள்ளிக்கூட வரியும் கட்டுகிறோம். கட்டுகிறோம் என்றால் நான் கட்டுகிறேன். நீங்கள் அனுப்புவது உங்கள் அம்மாவின் வைத்தியக் கடனுக்குச் சரியாகப் போகிறது, அதில் எனக்குக் குறை இல்லை. வரிப் பணம் தோல் கம்பெனியில் எனக்குக் கிடைக்கும் கூலி. அமிர்தம் என்னைப்போல மூன்றாம் வகுப்போடு நிற்கக் கூடாது என்று சந்தோஷமாகத்தான் கட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் பள்ளிக்கூடச் சுவர் ஊறி உப்பிக்கொண்டது. தெரு நாய்கள் வந்து சுவரை நக்கின. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். ஒருநாள் அமிர்தம் முதுகெல்லாம் வெள்ளை அப்பிக்கொண்டு வந்தாள். சட்டையைத் துவைக்கும்போது ஆட்டு மயிர் கையில் சிக்கியது. முகர்ந்து பார்த்தேன். கம்பெனிச் சுண்ணாம்புக் குழியின் நாற்றம். தோலிலிருந்து வழித்த மயிரைக் கழுவிக் காயப்போட்டே பதினோரு வருஷம் கழித்தவள் நான். என் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

தோல் ஊறி ஊறிச் சத்துப் போன சுண்ணாம்பைக் கம்பெனிக்காரர்கள் பாலாற்றங்கரையில் கொட்டுவது உங்களுக்குத் தெரியும். போன மாசியில் கன்ட்ராக்டர் ஆதிகேசவன் அதை வண்டி வண்டியாக அள்ளிப் போனார். ஏதோ பள்ளம் தூர்க்கிறார் என்று நினைத்தோம். அது பிள்ளைகள் சாய்ந்து உட்காரும் சுவருக்குப் போகிறது என்று யார் கண்டது?

போர்டு ஆபீசுக்குப் போய்ச் செலவுக் கணக்கைக் கேட்டேன். வரி கட்டுகிறவர்கள் கேட்டால் காட்டத்தான் வேண்டும் என்று பள்ளிக்கூடத்து மரியம்மாள் டீச்சர் சொல்லியிருந்தார். பொம்பளைக்கு இன்னா கணக்கு என்று குமாஸ்தா நாலு நாள் நடக்கவிட்டான். ஐந்தாம் நாள் நான் வாசற்படியை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்த பிறகு புத்தகத்தைத் திறந்தான். சூளையிலிருந்து புதுச் சுண்ணாம்பு அறுபது வண்டி, முந்நூறு ரூபாய் என்று எழுதியிருந்தது. ஆற்றங்கரைக் குப்பைக்கு முந்நூறு ரூபாய். ஆதிகேசவன் நம் போர்டு பிரசிடெண்டின் மைத்துனர் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அதற்கு மூன்றாம் நாள் பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து பிள்ளைகள் உட்காரும் இடத்தில் விழுந்தது. சாப்பாட்டு மணி அடித்திருந்ததால் எல்லோரும் வெளியே இருந்தார்கள். அமிர்தத்தின் சிலேட்டு மட்டும் தூளாகிவிட்டது. அதை நான்தான் பொறுக்கினேன். அன்றே மனு எழுதி வேலூருக்கு அனுப்பினேன். மற்றப் பெண்கள் கூட வருகிறோம் என்றார்கள், கையெழுத்துப் போடப் பயந்தார்கள். நான் ஒருத்திதான் போட்டேன்.

விசாரணைக்கு வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்து முன்னால் நாற்காலி போட்டார்கள். பிரசிடெண்டு முதல் பேச்சிலேயே மடக்கப் பார்த்தார். இந்த அம்மாள் வரி கட்டுகிறவரே இல்லை, கட்டுகிறவர் யார் என்று கேளுங்கள் என்றார். அதிகாரி கேட்டார். அமிர்தவள்ளியின் அப்பா என்றேன். ரிஜிஸ்தரில் அப்படி ஒரு பெயர் இல்லை என்றார். தாலி கட்டினவர் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லமாட்டேன் என்று தெரிந்துதான் பிரசிடெண்டு அந்த வலையை விரித்தார். இப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்தில் இருக்கும் யாராவது பெயரைச் சொல்லி உதவுவது வழக்கம். உங்கள் கூடப்பிறந்தவர் இரண்டு முழத் தூரத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அடுத்த தெரு முனவ்வர் பேகம் புர்காவுக்குள்ளிருந்து பேசினாள். "சொல்லிடு மீனா. புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு ஒண்ணும் கம்மியாவாது."

உங்கள் பெயரை அதுவரை நான் வாயால் சொன்னதில்லை. ஆனாலும் சொன்னேன். "வரி கன்னியப்பன் பேர்ல. கட்டறது மீனாம்பாள்."

மூன்று வருஷத்து ரசீதையும் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு சுவரை நகத்தால் சுரண்டி, வந்த மயிரை அதிகாரியின் கையில் கொடுத்தேன். பிரசிடெண்டு சளைக்கவில்லை. துரைமார் பங்களாவிலேயே பூச்சு உறுதிக்கு மயிர் சேர்ப்பார்கள், விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்றார். அப்படியானால் மயிருக்கு எத்தனை ரூபாய் கணக்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். குமாஸ்தா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். இதுதான் நான் பேசிய கெட்ட வார்த்தை. மற்றவர்களுக்கு அது வசவாக இருக்கலாம். எனக்கு அது தினம் நாலணா கூலி தருகிற வேலையின் பெயர்.

அதிகாரி நல்ல மனுஷர், ஆனால் சட்டம் பேசுகிறவர். வரி உங்கள் பெயரில் இருப்பதால், இந்த மனுவில் எனக்குச் சம்மதம் இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது தள்ளுபடியாகிவிடுமாம். மார்கழி பிறக்கும்வரை அப்படி எதுவும் வராவிட்டால் இஞ்சினீர் வந்து சுவரை உடைத்துப் பார்ப்பாராம். பிரசிடெண்டு மறுநாளே காகிதம் தயார் செய்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு மூத்தார் திங்கட்கிழமை ரயிலேறுகிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டால் நமக்கு இரண்டு வருஷ வரி கிடையாதாம். நம் வரியைத் தள்ளினால் அது பேகத்தின் தலையிலோ வேறு யார் தலையிலோதானே விழும்?

பள்ளிக்கூடமே போய்விடும், பெண் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போடாதே என்று மூத்தார் என்னிடம் சொன்னார். உங்களிடமும் சொல்வார். மரியம்மாள் டீச்சர் இப்போது புளியமரத்தடியில் பாடம் நடத்துகிறார். அமிர்தம் ஏழாம் வாய்ப்பாடு முடித்துவிட்டாள். விழப்போகிற சுவருக்கு மரத்தடி எவ்வளவோ மேல். நான் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பணம் கொடுத்த பள்ளிக்கூடத்தைக் கொடு என்கிறேன். இதில் பின்வாங்கமாட்டேன்.

சபையில் அவ்வளவு பேசியவள் வீட்டுக்கு வந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மண்ணுக்கு அடியில் இறங்கி வேலை செய்கிற மனுஷன் பெயரைச் சொல்லிவிட்டேனே என்று அழுதேன். பேகம் சொன்னது சரிதான் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்கவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் பதினெட்டு நாள், உங்களிடமிருந்து ஒரு கார்டு இல்லை. தபால்காரர் தெரு முனையில் திரும்பிப் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மூத்தாருக்குச் சோறு போட்டு மரியாதையாக அனுப்புங்கள். அவரோடு சண்டை வேண்டாம். விரிஞ்சிபுரத்து வழித்துணைநாதர் நீங்கள் இறங்கும்போதும் ஏறும்போதும் கூடவே இருக்கட்டும்.

என்மேல் கோபம் என்றால் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காகிதத்தில் மட்டும் அதை நான் பார்க்கும்படி செய்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மீனாம்பாள்