ஒற்றைக் கோடு

ஜனவரி 20
குன்னம் பக்கத்து ஊரில் இன்று கடைசி வீடும் முடிந்தது. பெண்களிடம் ஒரே கேள்விதான்: மனக்கஷ்டம் என்றால் யாரிடம் போவீர்கள்? ஊர்த்தெரு ராசாத்தி அக்கா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காலனி ஆண்டாயிகிட்ட. பேரு வெளிய வராதுல்ல பாப்பா?”

“வராதுங்கக்கா.”

ஜனவரி 28
பெரம்பலூர். பெண்களைப் புள்ளிகளாக்கி, யார் யாரை நாடுகிறார்களோ அவர்களுக்கிடையே கோடு போட்டேன். கோடுகள் நெருக்கமாக ஓடும் இடங்களைக் கணினி தனித்தனிக் குழுவாகப் பிரித்தது. இரண்டே குழுக்கள் — ஊர்த்தெரு, காலனி. நடுவில் ஒரே ஒரு கோடு. அதை எடுத்துவிட்டால் படம் இரண்டு துண்டு.

என் வழிகாட்டி அரங்கநாதன் சார் துள்ளிவிட்டார். “இந்தக் கோடுதாம்மா உன் ஆராய்ச்சி!”

பிப்ரவரி 11
அந்த ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் படத்தைத் திரையில் காட்டினேன். பெயர் இல்லை, வெறும் புள்ளிகள் — ஒரு பக்கம் ஊர்த்தெரு, மறு பக்கம் காலனி. கைதட்டினார்கள். நடுக்கோட்டைக் காட்டி, “இவங்க எப்படிப் பழகுனாங்க?” என்று ஒருவர் கேட்டார்.

அந்தப் பெருமையில் சொல்லிவிட்டேன்: “பக்கத்துப் பக்கத்து மக்காச்சோளக் காட்டுல வேல செஞ்சுதாங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “காலனிய ஒட்டுன காடு நம்ம அன்பழகன் வூட்டுதுதானே?”

அன்பழகன் ராசாத்தி அக்காவின் கணவர். அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 12
பஸ் ஸ்டாண்ட் வரை போய், குன்னம் பஸ்ஸில் ஏறாமல் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 15
போனேன். ராசாத்தி அக்கா வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. காலனியில் ஆண்டாயி அக்கா மட்டும் பேசினார். “அவள அடிச்சிட்டான். என்னையும் காட்டுப் பக்கம் வராதன்னுட்டாங்க. நீயும் காலனிப் பொண்ணுதானே பாப்பா? உனக்குமா தெரியாது?”

தெரியாதா? என் அம்மா எந்த வீட்டுக்கு எந்த வழியாகப் போவாள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். தெரிஞ்சும் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியல எனக்கு. ச்சீ.

பிப்ரவரி 20
அந்த ஊரையே ஆய்விலிருந்து எடுக்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். “பேரு போடலையேம்மா, இதுல உன் தப்பு என்ன?” என்றார். படத்தை அழித்தேன். அழித்து என்ன?

ஏப்ரல் 3
அரியலூர் பஸ் ஸ்டாண்ட். டீக்கடை பெஞ்சில் அவர்கள் இருவரும்! ஒரே டம்ளர் டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ராசாத்தி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டே போனேன்.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ராசாத்தி அக்கா சட்டென்று எழுந்து, முன்பின் தெரியாதவர் போலத் தள்ளிப் போய் நின்றார். ஆண்டாயி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.