மூன்றாவது கியர்

எட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்திவிட்டுப் பாதி வழியில் இறங்கிப் போன என் மச்சானுக்கு,

எனக்கு பேட்ஜ் கிடைத்துவிட்டது. போன மாதம் விருதுநகரில் வாங்கினேன். இனி நானும் ஆளேற்றும் வண்டி ஓட்டலாம். கையில் வாங்கியதும் முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷமாகியும் இந்தப் பாழாய்ப்போன புத்திக்கு உறைக்கவில்லை.

நீங்கள் ஓட்டிய அதே வேன்தான். காலையில் ஏழாயிரம்பண்ணையில் பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் நம் பட்டாசு யூனிட்டில் இறக்குகிறேன். வாசலுக்கு வெளியே, வண்டியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி, சாவியை அதிலேயே விட்டு நிறுத்துகிறேன். எல்லா யூனிட்டிலும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். எதற்கென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வெம்பக்கோட்டை அணை வற்றிக் கிடந்த அந்தக் கோடை ஞாபகமிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அடம்பிடித்து உங்களை அங்கே கூட்டிப்போவேன். கிளச்சைப் படக்கென்று விடுவேன், வண்டி குதித்து நின்றுவிடும். "ஏ மாரி, எம்புட்டு அவசரம் உனக்கு? மெல்ல விடு, கிளச்சு எங்கயும் ஓடிராது" என்று சிரிப்பீர்கள். ஒருநாள் உதறாமல் கிளம்பியது. இரண்டாவது கியரில் அணைத் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாரமெல்லாம் சரவெடி பின்னிய கையில் ஸ்டியரிங் இருந்தது. அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மூணாவதும் சொல்லித் தாங்க மச்சான்."

"அதுக்கு ரோட்டுக்குல்ல போகணும்? ரோட்டுல பொம்பள வேன் ஓட்டுனா நாலு பேரு என்ன பேசுவாக? ரெண்டோட நிறுத்திக்க."

நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. காயப்போட்ட வெடியை அள்ள ஆள் பற்றவில்லை என்று, வாசலில் நின்ற நீங்களும் உள்ளே ஓடினீர்கள். அடுத்து நடந்ததை நான் எழுத மாட்டேன். இன்னொரு வேன் லோடு இறக்கப் போயிருந்தது. உங்களை நம் வேனில் கிடத்தியபோது, அங்கே ஸ்டியரிங்கைத் தொட்டுப் பழகியவள் நான் ஒருத்திதான்.

ஹேண்ட்பிரேக் பிடிக்காத வண்டி அது. கியரில் போட்டுத்தான் நிறுத்துவீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பதற்றத்தில் கிளச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினேன். வண்டி எகிறிக் குதித்து நின்றது. பின்னால் நீங்கள் அலறினீர்கள். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது, மச்சான்.

எப்படியோ கிளப்பி ரோட்டில் ஏறினேன். பின்னால், யூனிட்டில் என்னோடு சரம் பின்னும் செல்வியின் மடியில் உங்கள் தலை இருந்தது.

"மாரி... மூணப் போடு."

"எனக்குத் தெரியாது மச்சான்."

"கிளச்ச மிதி. நடுவுக்குக் கொண்டாந்து... நேரா மேல தள்ளு."

தள்ளினேன். கர்ரென்று அரைத்தது. வண்டி மறுபடியும் நின்றுவிடுமோ என்று பயந்து இரண்டாவதுக்கே இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை. சிவகாசி ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி கதறிக்கொண்டே ஊர்ந்தது. டவுன் பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

"சீக்கிரம் வந்திருந்தாலும் கஷ்டம்தாம்மா" என்றார் டாக்டர். நிஜமாகச் சொன்னாரா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா? யாரிடம் போய்க் கேட்பேன்?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் பயந்த அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட அன்றைக்கு வண்டியை ஓட்ட வரவில்லையே. என் மேல் இருக்கும் கோபம் அதைவிடப் பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், திட்டாதீர்கள். வண்டி ஓட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அணைத் தரையில் பிடித்ததைவிட இப்போது அதிகமாகப் பிடித்திருக்கிறது. வெம்பக்கோட்டை கடைத்தெரு நெரிசலைத் தாண்டியதும் மூன்றாவதைப் போடுகிறேன். இரைச்சல் அடங்கி வண்டி லேசாகிவிடுகிறது. அந்த ஒரு நொடி மனசும் லேசாகிறது. உடனே அழுகை முட்டுகிறது. இவ்வளவுதானா மச்சான்? இந்த ஒரு தள்ளுதானா?

இப்போது செல்விக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அணைக்குக் கூட்டிப்போகவில்லை, ரோட்டிலேயேதான். டீக்கடையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள், என்னென்னவோ பேசுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவள், "யக்கா, எனக்கு ரெண்டே போதும்க்கா, பயமா இருக்கு" என்றாள்.

நான் விடவில்லை. அவள் கை மேல் என் கையை வைத்து நேராக மேலே தள்ளினேன்.

உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். நம் வேனில் வரும் பதினெட்டுப் பேரில் யார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாலும், மூன்றாவதைப் போடாமல் அவளை நான் வண்டியை விட்டு இறங்க விட மாட்டேன்.

உங்கள் அத்தை மகள்,
மாரி