விற்கப்பட்ட தோமையார்

பெக்கோக், மலாயா, ஜூன் 1943.

ரப்பர் தோட்டத்து ஜெபக்கூட்டத்தில் இன்று உபதேசியார் தோமையார் கதை சொன்னார். இந்தியாவுக்குப் போகமாட்டேன் என்ற சீடரை இயேசுவே ஒரு வியாபாரிக்கு அடிமையாக விற்றாராம். "அவரு பணிஞ்சு போனாரு. நீங்களும் ஜப்பான்காரங்க போடுற சயாம் ரயில்பாதை வேலைக்குப் போங்க" என்றார். கல்லூரியில் நான் ரசித்துப் படித்த கதை. கையிலிருந்த வேதப்புத்தகத்தை மூடிவிட்டேன்.

வெளியே வந்ததும், பால்மரம் வெட்டும் தொழிலாளி மரியம்மா கேட்டாள்: "தம்பி, இது வேதத்துல இருக்கா?"

"இல்லக்கா. ரொம்ப காலம் கழிச்சு சிரியாவுல யாரோ எழுதினது."

"அதானே. விக்கணும்னா உபதேசியாரு தன் மகனை விக்கட்டும்."

ரயில்பாதைப் பட்டியலுக்குக் கணவன் கொடுத்திருந்த அவன் பெயரை அடிக்கச் சொல்லி உபதேசியாரிடமே போய் நின்றாள். அவர் சிரித்தார்.

"தோமையாரும் முதல்ல மாட்டேன்னுதாம்மா சொன்னாரு. விடிஞ்சதும் லாரி வந்துரும்."