எலிகளைத் தாண்டாத மருந்து

பூண்டுலோயா,
03.02.2025

அன்புள்ள தம்பி நிரஞ்சனுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. அந்தச் சுவீடன் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

கணையத்தில் கட்டி என்றதிலிருந்து உங்கள் அண்ணன் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காக ஊசி ஏற்றிக்கொண்டுதான் வந்தார். திருவிழாவுக்கு நீங்கள் வந்தபோது, "புற்றுநோய்க்கு மருந்து கண்ட எங்கள் தோட்டத்துப் பிள்ளை" என்று பேனர் கட்டிச் சால்வை போட்டார்களே, அன்றோடு நிறுத்திவிட்டார். "என் தம்பி மருந்து வரப்போகுது. இந்த வெசத்த எதுக்கு ஏத்திக்கணும்?" என்கிறார். எனக்குக் கோபமும் வருகிறது, ஆசையும் வருகிறது. மருந்து எப்போது வரும் தம்பி?

அன்புடன்,
நாகலெட்சுமி

கோத்தன்பர்க்,
05.02.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நம் உடம்பின் செல்கள் மிகச் சிறிய பைகளில் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. வீட்டு ஆளைக் கண்டு நாய் குரைக்காததுபோல உடம்பும் அவற்றை உள்ளே விட்டுவிடும். கட்டியை வளர்க்கும் மரபணுவை அடக்குகிற மருந்தை அந்தப் பைகளுக்குள் வைத்து அனுப்பிப் பார்க்கிறோம். சில எலிகளுக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் பெரும்பாலான பைகள் கட்டிக்குப் போகாமல் ஈரலிலேயே தங்கிவிடுகின்றன. எங்கள் மருந்தை இன்னும் எந்த மனிதருக்கும் கொடுத்ததில்லை. எப்போது கொடுப்போம் என்று எனக்கே தெரியாது.

எப்படியாவது அண்ணனைக் கண்டிக்குக் கூட்டிப்போங்கள்.

உங்கள் தம்பி,
நிரஞ்சன்

பூண்டுலோயா,
15.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். சிரிக்கிறார். "எலிக்குக் குடுத்தவன் எனக்குக் குடுக்க மாட்டானா? சும்மா ஒன்னயப் பயமுறுத்துறான்" என்கிறார். நான் சொல்லி என்றைக்குக் கேட்டார்?

இந்த மாதத்துக்குள் வந்தால் தொடரலாம் என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் போன் எடுத்து, மருந்து இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மறுநாளே பஸ் ஏறிவிடுவார். கெஞ்சிக் கேட்கிறேன்.

நாகலெட்சுமி

கோத்தன்பர்க்,
18.02.2025

அண்ணி,

போன் எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன், "வந்துருச்சாடா?" என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். "பாப்பம்ண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. நீங்களே இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள்.

நிரஞ்சன்

பூண்டுலோயா,
12.05.2025

நிரஞ்சனுக்கு,

கருமாதி நேற்று முடிந்தது. நீங்கள் வராததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் "பாப்பம்ண்ணே" என்றதை அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரி என்றாலே எரிந்து விழுந்தார். கடைசியில் வலி தாங்காமல் கத்தும்போதும், "தம்பி அனுப்பிட்டான், வழியில இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்கிறார் டாக்டர். இன்னும் சில மாதங்கள் இருந்திருப்பாராம். எனக்கு அந்தச் சில மாதங்கள் வேண்டியிருந்தன.

இன்று காலை கீழ் லயத்துப் பிரேமினி வந்தாள். அவளுடைய சின்னப் பெண் நிலக்ஷிக்கு மூளையில் கட்டி. "அக்கா, ஒங்க கொழுந்தன் மருந்து கண்டுபிடிச்சிருக்காராமே, நம்பரக் குடுங்க" என்று என் காலைப் பிடித்தாள். இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் உங்களுக்குப் போன் எடுப்பாள். அவளிடமாவது சொல்லிவிடுங்கள்.

நாகலெட்சுமி