தலைகீழாக மாட்டிய ஊர்ப் பலகை

வால்மொரில், வியாழன்

அன்பு மகன் லாந்த்ரிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மாடுகளும் நலம். முழங்கால் வலி மட்டும் குளிரோடு போகாமல் தங்கிவிட்டது. பிரஸ்ஸல்ஸில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் உன்னைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். டை கோணலாக இருந்தது, பக்கத்தில் இருந்த யாரும் சொல்லவில்லையா.

இங்கே நான் ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது ஊர் எல்லையில் இருக்கும் பெயர்ப்பலகை தலைகீழாக மாட்டியிருந்தது. குடித்துவிட்டு வந்த பையன்கள் வேலை என்று நினைத்தேன். கோணலாக இருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகக் கூடாது என்று கன்னியர் மடத்தில் கற்றவள் நான். மறுநாளே மேயர் அலுவலகத்துக்குப் போய், சாலை வேலை பார்க்கும் லூசியனை அழைத்துவந்து, பக்கத்தில் நின்று பலகையை நேராக்க வைத்தேன். நிச்சயமாத்தான் சொல்றீங்களா மதாம் என்று அவன் இரண்டு முறை கேட்டான். திருகாணியை நன்றாக முடுக்கு என்றேன்.

செவ்வாயன்று ரொட்டிக்கடைக்கார ஒதெத் ரொட்டியை என் கையில் தராமல் மேசையில் தள்ளிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் உன் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபிர்மேன்தான் சொன்னான். "ஊரு உலகம் தலைகீழா நடக்குதுன்னு காட்டத்தான் மதாம் நாங்க பலகையத் திருப்பினோம். நாடு பூரா விவசாயிங்க இதத்தான் செய்யறாங்க, டிவியில பாக்கலயா? இப்ப எல்லாரும் என்ன பேசறாங்க தெரியுமா, புள்ள அங்க அந்த ஒப்பந்தத்துக்குக் கையத் தூக்கினான், அம்மா இங்க ஏணியத் தூக்கிட்டாங்கன்னு." செய்தியில் காட்டினார்கள்தான் போலிருக்கிறது. செய்தி வந்தால் நான் உன் முகத்தை மட்டும்தான் தேடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறர் சொல்லி நீ கேட்க வேண்டாம். ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் இந்த ஆண்டு பிறக்கும் கன்றுகளுக்கு 'வி' எழுத்தில் பெயர் வைக்கும் முறையல்லவா. உன் சிவப்புப் பசு ஈன்ற காளைக்கன்றுக்கு ஃபிர்மேன் 'விலைபோனவன்' என்று பெயர் வைத்திருக்கிறான். "நான் என்ன பண்ணட்டும் மதாம், எழுத்து அப்படி வந்திருக்கு. லாந்த்ரி வந்து நிக்கட்டும், அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா கன்னுக்குட்டியா அவனா, யாரு திரும்பிப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சுடும்" என்றான், சிரிக்கவே இல்லை. எழுத்து முறைப்படி சரியாகத்தான் இருக்கிறது, நான் என்ன குறை சொல்ல.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை மகனே. பால் விலை விழுந்தபோது மாவட்ட அலுவலக வாசலில் எருவைக் கொட்டியவன் நீ. உன் டிராக்டருக்கு அடுத்த டிராக்டர் ஃபிர்மேனுடையது. அன்று உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் உன்னைச் சங்கத் தலைவனாக்கினார்கள், பிறகு ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். இப்போது கடல் தாண்டி வரும் மாட்டிறைச்சிக்கு வரி குறைக்கும் ஒப்பந்தத்துக்கு நீ வாக்களித்திருக்கிறாய். பதிலுக்கு நம் பாலாடைக்கட்டிக்கு அங்கே சந்தை கிடைக்கும் என்று நீ எழுதியதைப் படித்தால் சரியாகத் தோன்றுகிறது. அதற்குள் மாடு வளர்ப்பவன் அழிந்துவிடுவான் என்று ஃபிர்மேன் சொல்வதைக் கேட்டால் அதுவும் சரியாகத் தோன்றுகிறது. நீ மாறினாயா, நாங்கள் புரிந்துகொள்ளவில்லையா? பிள்ளை என்பதற்காக உன் பக்கம் சாய்வது நியாயமாகாது, ஆனாலும் மனம் அங்கேதான் போகிறது.

அடுத்த ஞாயிறு ஊர் மண்டபத்தில் இந்த ஒப்பந்தம் பற்றிக் கூட்டம். உனக்குப் பதிலாக ஆலோசகரை அனுப்புவதாகத் தொலைபேசியில் சொன்னாய். அனுப்பாதே, நீயே வா. நீ வராவிட்டால் ஃபிர்மேன் மாடுகளை உன்னிடமே திருப்பி ஒப்படைத்துவிடப் போவதாகச் சொல்கிறான். அதன்பிறகு இந்த ஊரில் உனக்கு என்று என் வீட்டைத் தவிர என்ன இருக்கும்.

அவர்கள் சொல்வது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சொல்ல வந்ததை நான் அழித்தது தவறு. அதனால் நேற்று ஃபிர்மேனை அழைத்துப்போய்ப் பலகையை மறுபடியும் தலைகீழாக மாட்டச் சொன்னேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். ஒதெத் கடை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

கடவுள் உனக்குத் தெளிவைத் தரட்டும், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கட்டும். கம்பளி மேலாடையை மறக்காதே. புதுச் சாலையில் வராதே, பழைய வழியாக வா. பலகைக்குக் கீழே காரை நிறுத்தி, நம் ஊர்ப் பெயரை ஒரு முறை வாசித்துவிட்டு வா.

ஆசிகளுடன் உன் அம்மா,
சொலான்ழ் வேசாத்