அது சாமி குத்தம் இல்லை, மச்சான்

தோட்டத்துக்கெல்லாம் பிக்கப் அண்ணனாகவும் எனக்கு மட்டும் மச்சானாகவும் இருந்த உங்களுக்கு,

உங்கள் பெண்சாதியின் தம்பி எழுதுகிறேன். அக்கரப்பத்தனை கடைவீதியில் கராஜ் வைத்துக்கொண்டு, "நம்ம கை பட்டா எந்த வண்டியும் ஓடும்" என்று வாய் கிழியப் பேசுவானே, அவன்தான். நீங்கள் போய் இரண்டு வருசம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றுதான் தாளை எடுத்தேன்.

முதலில் ஊர்ச் சேதி. உங்கள் லயத்து வீடுகளுக்குப் போகிற ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டார்கள், பாதி தூரம் மட்டும். மீதிப் பாதி நீங்கள் தினமும் திட்டிய அதே குழி, அதே கல். மேல் லயத்துப் பையன் ஒருவன் உங்களைப் போலவே பிக்கப் வாங்கி மரக்கறி ஏற்றுகிறான். போன மாசம் முன் டயரின் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்து வந்து நின்றான். "நேரா பிடிச்சாலும் இடது பக்கம் இழுக்குது பாஸ்" என்றான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. புதுச் சாமான் வரும்வரை வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

உங்கள் வண்டியையும் அப்படி ஆட்டிப் பார்த்திருந்தால் என்று நினைப்பீர்கள். பார்த்தேன் மச்சான். பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள். தோட்டத்தில் நம் டிவிசனுக்கு அம்மன் வருகிற வருசம். உங்கள் பிக்கப்பைத்தான் தேராகக் கட்டுவது என்று கோயில் கமிட்டி முடிவு பண்ணியிருந்தது. நீங்கள் காப்புக் கட்டி, ஒருவேளைச் சாப்பாட்டோடு பத்து நாளாக விரதம். வாழைமரமும் கலர் பல்புமாக ஆட்கள் காத்திருக்க, வண்டி என் கராஜில் நின்றது. இடது முன்சக்கரத்தைத் தாங்குகிற போல் ஜொயின்ட் தேய்ந்து கொழகொழ என்று ஆடியது. அது ஒன்றும் பெரிய சாமான் இல்லை. ஒரு இரும்புக் குண்டு, அது சுழல ஒரு கிண்ணம். ஆனால் கிண்ணத்தை விட்டுக் குண்டு வெளியே வந்தால் சக்கரம் படுத்துவிடும். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன, விட்டு என்ன?

அது வெளிநாட்டிலிருந்து சாமான் வராத காலம். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் எல்லாம் கேட்டாயிற்று, எங்குமே இல்லை. நீங்கள் வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பழச ஒட்டிப் போட்டுக் குடுத்துறாதடா. அப்படின்னா இப்பவே சொல்லிரு, கீழ் டிவிசன்காரங்க ட்ராக்டரக் கேப்போம். சாமிய ஏத்துற வண்டி, பின்னாடி பொம்பளைங்களும் ஏறுவாங்க."

கீழ் டிவிசன் ட்ராக்டரா! என் மூக்கு அறுந்து போகாதா? நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் போனதும் பழைய ஜொயின்டை லேத்துக்குக் கொண்டு போய் அடியை வெட்டித் திறந்தேன். உள்ளே நைலோன் துண்டு ஒன்றைக் கடைந்து வைத்தேன். மூடி வெல்டிங் அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசிக் காயவைத்தேன். சாயந்திரம் நீங்கள் வந்து "புதுசாடா?" என்று கேட்டீர்கள்.

"புதுசுதான் மச்சான். எப்படியோ தேடிப் புடிச்சிட்டேன்ல."

நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். கமிட்டிக்காரர் முன்னால், "என் மச்சினன் இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன கவலை" என்றீர்கள். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை மச்சான். பெருமையாக இருந்தது. இதை எழுதும்போதுதான் உடம்பு கூசுகிறது.

தேர் நன்றாகத்தான் போனது. ஆள் நடக்கிற வேகம், என்ன ஆகப் போகிறது? திருவிழா முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் நுவரெலியாவில் ஒரு கடையில் புதுசு கிடைத்தது. வாங்கி வந்தேன், பெட்டி பிரிக்காமல் மேசைக்குக் கீழே வைத்தேன். ஆனால் அதை மாட்ட வேண்டுமென்றால், முதலில் மாட்டியது பழசு என்று உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமே! அங்கேதான் என் புத்தி மழுங்கிப் போனது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

நீங்களாகவே ஒரு வாய்ப்பும் கொடுத்தீர்கள். "குழியில எறங்குறப்ப டொக்குனு ஒரு சத்தம் வருதுடா" என்று வந்து நின்றீர்கள். சொல்லியிருக்கலாம். "புதுச் சாமான்னா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று கெட்டி கிரீஸை அடைத்து அனுப்பினேன். சத்தம் நின்றது. நீங்கள் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு நான்காம் நாள் காலை, லீக்ஸ் மூட்டைகளோடு தலவாக்கலைக்குப் போகும்போது, பாலத்துக்கு முந்தின வளைவில் இடது சக்கரம் படுத்துக்கொண்டது.

என்னைத்தான் கூப்பிட்டார்கள், வண்டியைப் பார்க்கச் சொல்லி. தேயிலைக்குள் குப்புறக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். என் வெல்டிங் விட்டிருந்தது, கிண்ணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பொலிஸ்காரர் சிங்களத்தில், வண்டியில் முன்பே பிழை ஏதும் இருந்ததா என்று கேட்டார். "நே சேர்", இல்லை என்றேன். வண்டி விழுந்த அடியில்தான் சக்கரம் கழன்றது என்றேன். ஓட்டினவர் மேல்தான் பிழை என்று எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். உங்களை அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். அங்கிருந்து நீங்கள் உயிரோடு திரும்பவில்லை.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலை பெரட்டில், ஆட்கள் கூடிப் பேர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற நேரத்தில், பேச்சு வேறு மாதிரித் திரும்பிவிட்டது. "சாமிய ஏத்துன வண்டிடா அது. காப்பு அவுத்து மூணு வாரங்கூட ஆகல. விரதத்துல ஏதோ குத்தம் இருக்கு. அம்மா சும்மா விடுவாளா?" பத்து நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு கிடந்த உங்களைத்தான் மச்சான் அப்படிப் பேசினார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "ஆத்தா மனசு யாருக்குத் தெரியும்" என்று தலையை ஆட்டினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. சாமி மேலே பழி போனால் வெல்டிங்கை யார் தேடப் போகிறார்கள்?

இரண்டு திருவிழா போய்விட்டது. அக்கா கோயில் பக்கமே போகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பட்டினியோடு மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள். புருசன் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமைதான் என் வீட்டுக்காரி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்ததை மீறிச் சொன்னாள்.

தேர் அன்று மத்தியானம், பிக்கப்பின் பின்னால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அக்காவுக்குத் தீட்டு வந்துவிட்டதாம். இறங்கினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், தேரும் நின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "நாந்தான் என் புருசனக் கொன்னுட்டேன்" என்று இரண்டு வருசமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் மச்சான். தினம் நான் அந்த லயத்தைக் கடந்துதான் கராஜுக்குப் போகிறேன். அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறேன். நானெல்லாம் மனுசனா?

இன்றைக்குப் பின்னேரம் அவள் மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"அக்கா, அது ஒன்னால இல்ல. சாமியாலயும் இல்ல."

"எதுடா?"

சொன்னேன். வெட்டினது, ஒட்டினது, பெயின்ட் பூசினது, மேசைக்குக் கீழே கிடந்த புதுப் பெட்டி, பொலிஸில் போட்ட கையெழுத்து, ஒன்றையும் விடவில்லை. சாக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது பழசுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. புதுசுன்னு நெனச்சுத்தான் ஓட்டுனாரு."

"அப்ப ஒன்ன நம்பித்தான் செத்துருக்காரு."

சாக்கை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரட்டுல பேசுனாங்கல்ல, பெரட்டுல போயிச் சொல்லு" என்றாள்.

"ஒன் விசயத்த விட்டுட்டு, என் பொய்ய மட்டும் சொல்றேன்கா."

"எதுக்கு விடணும்? எனக்குத் தீட்டு வந்ததையும் சொல்லு. அதனால ஒன்னும் ஆகலன்னு எல்லாப் பொம்பளைங்களும் கேக்கட்டும். ரெண்டு வருசமா நான் வெக்கப்பட்டது போதும்டா. இனி நீ படு."

அதனால்தான் மச்சான் இந்தக் கடிதம். ஆட்களைப் பார்த்தால் என் நாக்கு மறுபடி எதையாவது மழுப்பிவிடும், அதை எனக்குத் தெரியும். எழுதினதை எழுதினபடி நாளைக் காலை பெரட்டில் வாசித்தால் மழுப்ப முடியாது. ஆகவே இதை உங்களோடு சேர்த்துப் பெரட்டில் நிற்கிற எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேளுங்கள்: அவர் விரதத்தில் ஒரு குத்தமும் இல்லை. என் அக்கா மேலே ஒரு குத்தமும் இல்லை. சக்கரம் படுத்தது என் பொய்யால்.

இதை வாசித்து முடித்ததும் நேராகப் பொலிசுக்குப் போவேன், போட்ட கையெழுத்து பொய் என்று சொல்வேன். அங்கிருந்து எப்போது வருவேனோ தெரியாது. வந்த பிறகு எவனாவது என்னை நம்பி வண்டி விட்டால், பழசைப் பழசு என்று சொல்லித்தான் தொடுவேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. என் வாக்கை நீங்கள் ஒருமுறை நம்பினீர்கள், இதை நம்ப வேண்டாம், பார்த்துக்கொண்டிருங்கள்.

நீங்கள் நம்பிய,
உங்கள் மச்சினன்.